வேட்டை அறமா, வருமானமா? வன்னிக் காட்டோரத்திலிருந்து ஒரு பதில்

காட்டு விலங்குகளை வேட்டையாடுவது அறத்துக்கு ஏற்றதா என்றும், ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றைப் போல இலங்கையும் வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு காட்டையும் காட்டோர மக்களையும் காக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், ஒரு பக்கம் குளமும் மறுபக்கம் காடுமாக இருக்கும் காணியில் காலபோகத்துக்கு (மாரிப் பருவம்) நெல்லும் மேட்டில் கச்சானும் (நிலக்கடலை) செய்கிறேன். என் அப்பப்பா வேட்டைக்காரர்; சித்தப்பாவும் வேட்டைக்குப் போனவர்; சிறு வயதில் நானும் அவர்களோடு காட்டுக்குள் போயிருக்கிறேன். இப்போது போவதில்லை. உங்கள் இரண்டு கேள்விகளும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன: கொல்லுகிறவர் அந்த இடத்தில் இருக்கிறாரா, அந்தக் கொலைக்கான விலையை யார் கொடுக்கிறார்?

அப்பப்பாவிடம் இருந்தது ஓர் இடியன் துவக்கு. மருந்தும் ஈயமும் இட்டு இடித்து, ஒரு வெடி வைத்தபின் அடுத்த வெடிக்கு ஆயத்தமாவதற்குள் காட்டில் ஒரு விலங்கும் நிற்காது. ஆகவே அவர் காற்று வரும் திசை பார்த்து, மோட்டை என்னும் காட்டு நீர்க்குட்டைக்கு அருகில் மரத்தின் மேல் இரவு முழுதும் இருந்து, மிக அண்மையில் வந்த விலங்கை மட்டுமே குறி வைத்தார். கன்றோடு நிற்கும் மரைக்கும் (கடமான்) சினைப்பட்ட மானுக்கும் அவர் வெடி வைத்ததில்லை. ஆவணி, புரட்டாதியில் காடு காய்ந்து ஒரே ஒரு மோட்டையில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தால் அங்கே காத்திருப்பதையும் அவர் பாவம் என்றார். இவற்றில் எவ்வளவு இரக்கம், எவ்வளவு சிக்கனம் என்று என்னால் இன்று பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து அரிது, தெருவும் வாகனமும் குறைவு, குளிர்பெட்டி இல்லை. ஒரு மரை விழுந்தால் அயலெல்லாம் பங்கு போகும். மிஞ்சியது காய்ந்து வத்தலாகும், சில வேளை கெடாதிருக்கத் தேனுக்குள் போகும். இரண்டாவது மரையைக் கொன்றால் அந்த இறைச்சி பழுதாவதைத் தவிர வேறு பயன் இல்லை. அவருடைய அறத்தைக் காத்ததில் அவருடைய வறுமைக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்காகப் பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றதற்கு அரசாங்கத்திடம் பரிசுப் பணம் கோரப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். பயிரை அழிக்கும் விலங்கு என்று சொல்லித் தலைக்கு இவ்வளவு ஷில்லிங் என்று அரசாங்கமே விலை குறித்த காலம் அது. 2011ஆம் ஆண்டு நாடளாவிய கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. விலங்கின் தலைக்குப் பணம் வைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் மாகாணம் ஒருமுறை பார்த்துவிட்டது. வேட்டையை வருமானமாக்குவோம் என்று எவர் சொன்னாலும் எனக்கு முதலில் இந்த 3,500 என்ற எண்தான் நினைவுக்கு வருகிறது.

போர்க்காலத்தில் ஊர்த் துவக்குகள் போய்விட்டன. நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வயல்களைப் பற்றை மூடியது. 2010க்குப் பிறகு திரும்பி வந்தபோது பன்றிகள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றன. காய் முற்றிய கச்சானுக்குள் ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவு இறங்கினால் விடியும்போது உழுத நிலம்தான் மிஞ்சும். வங்கியில் நகை வைத்து விதை வாங்கியவரிடம் அந்த விடியலில் அறம் பேசுவது எளிதன்று. துவக்கு இல்லாத அவர் கைக்கு வந்தவை மூன்று: கட்டுத்துவக்கு, கம்பித் தடம், வாய்வெடி. வன்னியில் இன்று வேட்டை என்று நடப்பதில் பெரும்பகுதி இந்த மூன்றினாலும்தான் நடக்கிறது; என் மறுப்பும் முதலில் இவற்றின் மீதுதான்.

கட்டுத்துவக்கு என்பது ஆள் இல்லாத துவக்கு. குழாயை மரத்தோடு கட்டி, விலங்கு நடக்கும் பாதைக்குக் குறுக்கே நூல் இழுத்துவிட்டு வைத்தவர் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார். பன்றியின் தோள் உயரத்துக்குக் கட்டப்படும் குழாய் மனிதரின் முழங்கால் உயரத்துக்குச் சரியாக இருக்கும். 2012இல் காணாமற்போன பசுவைத் தேடிப் போன என் சித்தப்பா அப்படி ஒரு நூலில் கால் வைத்தார். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதை வைத்தவர் எங்கள் அயலவர். சித்தப்பாவை லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரம்) ஏற்றி வீதி வரைக்கும் கொண்டு வந்தவர்களில் அந்த அயலவரும் ஒருவர். அழுதுகொண்டே தூக்கினார். அவர் கொடியவர் அல்லர். அதற்கு முந்திய கிழமை இரண்டு ஏக்கர் கச்சானைப் பன்றிக்கு இழந்தவர். சித்தப்பா அவர் மீது முறைப்பாடு செய்யவில்லை. ஆனால் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: “தம்பி, மிருகத்தைக் கண்டு வெடி வைக்கிறவன் வேற, காணாமல் வைக்கிறவன் வேற. கண்டவனுக்குத்தான் வேண்டாம் எண்டு விடலாம்.” வேட்டையின் அறம் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடத் தெளிவான சொல் இல்லை. கன்றோடு வந்த மரையை அப்பப்பா போகவிட்டார் என்றால், போகவிடுவதற்கு அவர் அங்கே இருந்தார்.

கம்பித் தடத்துக்கும் அந்தத் தெரிவு இல்லை. சுருக்குப் போடப் பழைய மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியோ பிரேக் கம்பியோ போதும். பன்றிக்கு வைத்தது மானைப் பிடிக்கும், சிறுத்தையையும் பிடிக்கும். 2020 மே மாதம் மலையகத்தில், நல்லதண்ணிப் பகுதியில், நாட்டில் மிக அரிதாகவே காணப்படும் கருஞ்சிறுத்தை ஒன்று தடத்தில் சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. வாய்வெடி இவை எல்லாவற்றிலும் கொடியது. வெடிமருந்தைக் கல்லோ உலோகத் துண்டோ சேர்த்துக் கட்டி, பன்றி விரும்பும் உணவுக்குள் வைத்துவிடுகிறார்கள். செய்தித்தாள்கள் ஹக்கபட்டாஸ் என்று எழுதுவது இதைத்தான். அதைக் கடிக்கும் யானைக்கன்று உடனே சாவதில்லை. தாடையும் நாக்கும் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல், நாட்கணக்கில் தண்ணீருக்குள் நின்று சாகிறது. எங்கள் குளத்தில் ஒருமுறை அப்படி ஒன்று நின்றது. ஐந்தாம் நாள் தாயும் தள்ளிப் போய்விட்டது. அந்தக் கிழமை குளத்துக்குக் குளிக்கப் போக எனக்கு மனம் வரவில்லை. 2023இல் இலங்கையில் 488 யானைகள் இறந்தன. துவக்குச் சூடும் மின்கம்பியும் இந்த வெடியும் அவற்றில் பலவற்றுக்குக் காரணம்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். பயிரைக் காக்க வைத்த தடம் எப்போது வியாபாரமாகிறது என்றால், வீதியில் வாங்குகிறவர் வந்து நிற்கும்போது. தடத்துக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, காவல் இருக்கத் தேவையில்லை, விலங்கை வளர்த்தவருக்கு விலை கொடுக்கவும் தேவையில்லை. குளிர்பெட்டி இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, ஏ9 வீதியால் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓரிரவில் இறைச்சி போய்விடும். அப்பப்பாவின் கையைக் கட்டிப்போட்டிருந்த ஒவ்வொன்றும் அவிழ்ந்துவிட்டது. இந்தக் கணக்கில் விலங்குகளின் இனப்பெருக்கத்தையும் சேர்க்க வேண்டும். பன்றி ஏறக்குறைய நான்கு மாதச் சினையில் ஒரே ஈற்றில் பல குட்டிகள் போடும். மரை எட்டு மாதமளவில் சுமந்து பெரும்பாலும் ஒரு கன்றுதான் ஈனும். செதிலுடம்பு கொண்ட எறும்புதின்னியான அழுங்கும் ஒரு குட்டிதான். ஆனால் சந்தையில் பன்றியைவிட மரைக்கு மதிப்பு அதிகம். மெதுவாகப் பெருகும் விலங்கை விரைவாகக் கொல்லும்படி விலையே தூண்டுகிறது. மரை குறைய வத்தலின் விலை ஏறும், விலை ஏற இன்னும் ஒருவர் தடம் வைப்பார்.

ஆட்டை வெட்டி உண்பவர் மானை வேட்டையாடுவதைக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நேர்மையான கேள்வி அது. சாகும் விலங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால், கட்டையில் கட்டி வளர்த்த ஆட்டைவிடக் காட்டில் திரிந்து ஒரே வெடியில் விழுந்த மான் நல்ல வாழ்வு வாழ்ந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஆட்டுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். விற்ற ஆட்டுக்கு ஈடாக இன்னொரு குட்டியை வளர்க்க அவருக்குக் காரணம் உண்டு. மானுக்கு அப்படி ஒருவரும் இல்லை. முந்தி எடுத்தவருக்கு இலாபம், விட்டுவைத்தவருக்கு நட்டம் என்று ஆகிவிட்ட இடத்தில் எவ்வளவு நல்ல மனிதரும் அதிக காலம் விட்டுவைக்க மாட்டார்.

அனுமதிப்பத்திர வேட்டையை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தங்கள் வாதத்தைத் தொடங்குகிறார்கள்; அதை நான் தள்ளிவிடவில்லை. நமீபியாவில் 1996இன் சட்டத்துக்குப் பிறகு ஊர்ச் சமூகங்கள் தங்கள் நிலத்து விலங்குகளின் வருமானத்துக்கு உரிமை பெற்றன. அந்த நாட்டில் ஒரு கருங்காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி 2014இல் அமெரிக்காவில் 350,000 டொலருக்கு ஏலம் போனது. பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் என்னும் காட்டாட்டைச் சுடும் அனுமதிப் பணத்தில் 80 சதவீதம் உள்ளூர் மக்களுக்கே போகிறது; முன்பு அதைத் திருட்டுத்தனமாகச் சுட்டவர்களின் ஊர்களே இன்று அதற்குக் காவல் நிற்கின்றன. மறுபுறத்தில் கென்யா 1977இல் வேட்டையை முழுதாகத் தடைசெய்தது; அதன் பின்னும் அங்கே காட்டு விலங்குகள் பெருமளவு குறைந்தே வந்தன. தடை மட்டும் போதும் என்று சொல்பவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

இருந்தும் இது வன்னிக்குப் பொருந்தாது என்பதே என் முடிவு. மார்க்கோர் நிற்கும் மலைச்சரிவு திறந்தவெளி. எத்தனை கிழட்டுக் கடாக்கள் நிற்கின்றன என்று தூரநோக்கியால் எண்ணலாம். எங்கள் காட்டில் பாலை, வீரை, முதிரை மரங்களும் பற்றையும் அடர்ந்து பத்து முழத்துக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. எண்ண முடியாததை அளவோடு விற்க முடியாது. நிலமும் எங்களுடையது அன்று. காட்டுக்கு ஒரு திணைக்களம், விலங்குக்கு இன்னொரு திணைக்களம். எங்கள் காணிகளின் எல்லையைக் குறித்தே தீராத வழக்குகள் இருக்கும்போது, வெளிநாட்டவர் கொடுக்கும் அனுமதிப் பணத்தில் எண்பது சதவீதம் ஒட்டுசுட்டானுக்கு வந்து சேரும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. முப்பது வருடம் துவக்குச் சத்தம் கேட்ட ஊர்களுக்குள் பொழுதுபோக்குக்காகத் துவக்கோடு வருபவர்களை அழைப்பதும் சரியென்று படவில்லை. கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சத்தத்துக்கு இன்றும் எழுந்து உட்காரும் மனிதர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

நான் ஏற்கும் வேட்டை ஒன்று உண்டு. அது பன்றி வேட்டை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மரையும் மானும் அதன் பாதுகாப்புக்குள் வருகின்றன, பன்றி வரவில்லை. ஊரின் கமக்காரர் அமைப்பின் பொறுப்பில் அனுமதிப்பத்திரம் உள்ள இரண்டொரு துவக்குகள் இருக்க வேண்டும். பயிர்க் காலத்தில் மட்டும், வயலுக்குள் இறங்கிய பன்றியை, கண்ணால் கண்டு சுட வேண்டும். இறைச்சி ஊருக்குள் பங்காகப் போக வேண்டும், ஒரு கிலோவும் விலைக்குப் போகக்கூடாது. விற்பனை இல்லை என்பதுதான் இதில் முக்கியம். விற்கலாம் என்றால் அடுத்த கிழமை பன்றி இறைச்சி என்ற பெயரில் மரை போகும். கூடவே, பன்றி அழித்த பயிருக்கு நட்டஈடு உரிய காலத்தில் வர வேண்டும். பூங்காக்களுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் பணம் எங்கோ சேர, காட்டு விலங்கை வைத்திருக்கும் செலவை மட்டும் காட்டோரத்துக் கச்சான்காரர் தனியாகச் சுமப்பது நீதியன்று. தடத்தில் செத்த சிறுத்தையின் படத்தைப் பகிர்ந்து மனம் வருந்துபவர்கள் இந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்கும்வரை, அந்த வருத்தத்தை நான் பாதிதான் மதிப்பேன். காட்டிறைச்சி கிடைக்குமா என்று என்னிடம் கேட்கும் கொழும்பு, கனடா உறவினர்களிடமும் இதையே சொல்லுகிறேன். என் வீட்டில் அவர்களுக்கு ஊர்க்கோழி சமைக்கப்படும்.

எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதை இரண்டு முறை பேசினேன். முதல் முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை, சித்தப்பாவைத் தூக்கி வந்த அதே அயலவர் எழுந்து, தன்னிடம் மிஞ்சியிருக்கும் கம்பிகளை எல்லாம் கொண்டுவந்து தருவதாகவும், ஆனால் துவக்கு அனுமதி வரும்வரைக்கும் தன் இரண்டு ஏக்கருக்கு இரவில் யார் காவல் இருப்பார்கள் என்று முதலில் சொல்லும்படியும் கேட்டார். அவர் கேட்டது நியாயம். காவல் கொட்டிலில் டோச் லைட்டோடும் தகரத்தோடும் நாய்களோடும் முறைவைத்து இருப்பதாக ஆறு வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டோம். செவ்வாயும் வெள்ளியும் என்னுடைய முறை.