சொந்த விதைக்கிழங்கை வைத்தே உருளைக்கிழங்கு போடலாமா?

ஊட்டிப் பக்கம் அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விற்றது போக மிஞ்சும் பொடிக் கிழங்கைத்தான் விதையாக வைக்கிறேன். போகத்துக்குப் போகம் மகசூல் குறைகிறது. இனி விதையை வெளியில்தான் வாங்க வேண்டுமா?"

சொந்த விதை வைப்பதில் தவறே இல்லை. பொடிக் கிழங்கைப் பொறுக்கி வைப்பதுதான் சிக்கல். இலைச்சுருள் போன்ற வைரஸ் நோய்களை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி செடிக்குச் செடி கடத்துகிறது. நோய் கண்ட செடி உடனே சாகாது. குட்டையாக நின்று, சின்னச் சின்னக் கிழங்காக விடும். குவியலில் பொடியைத் தேடினால் இந்தக் கிழங்குகளே அதிகம் கைக்கு வரும். அப்புறம் அடுத்த போகத்தில் முளையோடு நோயும் கிளம்பும். எந்த மருந்தும் அதைக் குணப்படுத்தாது.

ஆகவே செடி நிற்கும்போதே விதையைத் தேர்ந்தெடுங்கள். பூக்கும் சமயத்தில் வயலைச் சுற்றி வந்து, இலையில் சுருளோ தேமலோ இல்லாத, செழிப்பான செடிகளுக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இடையில் நோய் காட்டிய செடியின் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். மீதியை முதலில் தனியாகத் தோண்டி, நிறையக் கிழங்கு வைத்த செடிகளிலிருந்து மட்டும் 40-50 கிராம் எடையுள்ளவற்றை எடுங்கள். முழுதாகவே நடுங்கள், வெட்டினால் கத்தி வழியாகவும் நோய் பரவும்.

மூட்டையில் கட்டி இருட்டில் போடாதீர்கள். முளை வெளுத்து நீண்டு, நடும்போது முறியும். நேர்வெயில் படாத, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் பரப்பினால் முளை குட்டையாகத் தடித்து வரும். தோல் பச்சையாகும், விதைக்கு அது நல்லதே. பச்சை ஏறிய கிழங்கைச் சமையலுக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

உங்கள் ஊர் என்பதால் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நீலகிரியில்தான், 1961இல். வயலில் அங்கங்கே திட்டாகச் செடி வாடினால், ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அந்த வயலிலிருந்து விதையே எடுக்காதீர்கள். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு புழு அடுத்த வயலுக்கும் போகும். மூன்று நான்கு ஆண்டு முட்டைக்கோஸ், கேரட், பூண்டு என்று மாற்றிப் போடுங்கள். திரும்ப உருளைக்கு வரும்போது, இந்தப் புழுவைத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா அல்லது குப்ரி நீலிமா ரகத்தில் புது விதை வாங்குங்கள்.