தெரிந்துகொள்ளுதலும் இரட்சிப்பும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: உலகத்தோற்றத்துக்கு முன்னே தேவன் நம்மைத் தெரிந்துகொண்டார் என்று எபேசியர் 1:4 சொல்கிறது. அப்படியானால் நம் இரட்சிப்பு அப்போதே முடிந்துபோன காரியமா?

பதில்: இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. தெரிந்துகொள்ளுதல், அதாவது தேவன் ஒருவரைத் தமக்கென்று தேர்ந்தெடுப்பது, அவருடைய தீர்மானம். அந்தத் தீர்மானம் ஒரு மனிதனிடத்தில் நிறைவேறுவதே இரட்சிப்பு. அதே நிருபத்தில் ஒரு பக்கம் தள்ளிப் படியுங்கள். 1:4-ல் 'தெரிந்துகொண்டார்' என்று யாரைப் பற்றிச் சொன்னாரோ, அவர்களைப் பற்றியே பவுல் 2:3-ல் 'சுபாவத்தினாலே மற்றவர்களைப்போலக் கோபாக்கினையின் பிள்ளைகளாயிருந்தோம்' என்கிறார். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார். தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் விசுவாசிக்கும்வரை ஆக்கினைக்கு உட்பட்டவர்களே.

ரோமர் 8:29-30-ல் ஐந்து வினைகள் வரிசையாக நிற்கின்றன: முன்னறிந்தார், முன்குறித்தார், அழைத்தார், நீதிமான்களாக்கினார், மகிமைப்படுத்தினார். முதல் இரண்டும் காலத்துக்கு முந்தியவை. அழைப்பு சுவிசேஷத்தின் வழியாக, ஒரு நாளில், ஒரு மனிதனின் காதில் விழுகிறது. நீதிமானாக்கப்படுவது விசுவாசத்தினால். 2 தெசலோனிக்கேயர் 2:13 இதை ஒரே வாக்கியத்தில் அடக்குகிறது: 'ஆவியினாலே பரிசுத்தமாக்கப்படுகிறதினாலும், சத்தியத்தை விசுவாசிக்கிறதினாலும்' இரட்சிப்படையும்படிக்கே தேவன் தெரிந்துகொண்டார். போய்ச்சேர வேண்டிய இடத்தைக் குறித்தவர் வழியையும் சேர்த்தே குறித்திருக்கிறார்.

கேள்வி: யார் விசுவாசிப்பார்கள் என்று முன்கூட்டியே பார்த்து, அவர்களைத் தேவன் தெரிந்துகொண்டார் என்று சிலர் விளக்குகிறார்களே?

பதில்: டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் 1609-ல் இறந்தார். மறு ஆண்டு அவரைப் பின்பற்றியவர்கள் ஐந்து கூற்றுகளை எழுதிக் கொடுத்தார்கள். 1618-19-ல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபை மாநாடு அவற்றை மறுத்தது. 'கால்வினின் ஐந்து கொள்கைகள்' என்று இன்று சொல்லப்படுவது அந்த மறுப்பிலிருந்து வந்ததுதான். சபைச் சீர்திருத்தவாதியான கால்வினோ 1564-லேயே இறந்துவிட்டார்!

வசனத்துக்கு வருவோம். ரோமர் 8:29 'எவர்களை முன்னறிந்தாரோ' என்கிறது. 'எவர்களுடைய விசுவாசத்தை' என்று சொல்லவில்லை. வேதத்தில் 'அறிதல்' வெறும் தகவல் அறிவும் அல்ல. 'உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்' என்று ஆமோஸ் 3:2-ல் தேவன் இஸ்ரவேலிடம் சொல்கிறபோது, மற்ற ஜாதிகள் இருப்பதே தமக்குத் தெரியாது என்றா சொல்கிறார்? உறவைச் சொல்கிறார். ஆகவே இந்த இடத்தில் கால்வின் தரப்பின் வாசிப்பே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஆனால் 1 தீமோத்தேயு 2:4-ல் 'எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்' என்று வரும்போது அதே தரப்பு விளக்கம் சொல்லித் திணற வேண்டியிருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு தவறான பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். மனிதன் தன் முயற்சியால் இரட்சிக்கப்படுகிறான் என்று ஆர்மீனியஸ் போதிக்கவில்லை. கிருபை இல்லாமல் ஒருவரும் வர முடியாது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. அந்தக் கிருபையை மனிதன் கடைசிவரை எதிர்த்து நிற்க முடியுமா என்பதில்தான் பிரிகிறார்கள்.

கேள்வி: சிலரைத் தெரிந்துகொண்டார் என்றால், மற்றவர்களை அழிவுக்கென்றே உண்டாக்கினார் என்றுதானே பொருள்?

பதில்: ரோமர் 9:22-23-ஐ எழுத்தெண்ணிப் படியுங்கள். கோபாக்கினைப் பாத்திரங்கள் 'அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட' (ஆயத்தமாக்கப்பட்ட) பாத்திரங்கள். எத்தனமாக்கியது யார் என்று அங்கே சொல்லப்படவில்லை. கிருபாபாத்திரங்களோ 'தாம் மகிமைக்காக எத்தனமாக்கின' பாத்திரங்கள்; இங்கே 'தாம்' வந்துவிடுகிறது. தமிழில் ஒரே சொல்லாகத் தெரிந்தாலும் கிரேக்க மூலத்தில் இவை இரண்டு வெவ்வேறு வினைகள். அப்போஸ்தலர் 13-லும் இப்படியே. 48-ம் வசனத்தில் நித்தியஜீவனுக்கு 'நியமிக்கப்பட்டவர்கள்' விசுவாசித்தார்கள். இரண்டு வசனம் முன்னால், மறுத்தவர்கள் தங்களைத் தாங்களே அபாத்திரராகத் தீர்த்துக்கொண்டார்கள். இரட்சிப்புக்குக் காரணம் தேவன், கெடுதிக்குக் காரணம் மனிதன். இந்த இரண்டையும் தர்க்கத்தால் சமப்படுத்தப் போனால் ஏதாவது ஒரு வசனத்தை வெட்ட வேண்டிவரும்.

கேள்வி: எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தால் சுவிசேஷம் ஏன் அறிவிக்க வேண்டும்?

பதில்: கொரிந்துவில் பவுலுக்குக் கர்த்தர் சொன்னது: 'பேசு, மவுனமாயிராதே.' காரணம்? 'இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு.' பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கிப் போதித்தார் (அப்போஸ்தலர் 18:9-11). தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் அங்கே இருப்பதே பேசுவதற்குக் காரணம்; அவர்களுக்கு அழைப்பு போய்ச்சேருவது அந்தப் பேச்சின் வழியாகத்தான்.

கேள்வி: நான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா என்ற சந்தேகம் என்னை வாட்டுகிறது. அதை எப்படி அறிவது?

பதில்: பரலோகத்திலுள்ள பட்டியலை எட்டிப்பார்க்க முயலாதீர்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். ரோமர் 8:29-30-ன் ஐந்து வினைகளும் ஒரு சங்கிலி என்றால், அதன் முதல் வளையத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள்; அது கைக்கு எட்டாது. எட்டுவது மூன்றாவது வளையம், அழைப்பு. அதனால்தான் 2 பேதுரு 1:10 'உங்கள் அழைப்பையும் தெரிந்துகொள்ளுதலையும்' என்று அழைப்பை முன்னால் வைக்கிறது.

ஆகவே முதல் கேள்வியை மாற்றுங்கள். 'நான் பட்டியலில் இருக்கிறேனா?' என்று கேட்காமல் 'கிறிஸ்துவிடம் வந்திருக்கிறேனா?' என்று கேளுங்கள். வரவில்லையென்றால் இன்றே வரலாம். 'என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை' என்று யோவான் 6:37-ல் சொல்லியிருக்கிறார். அதே வசனத்தின் முதல் பாதிதான் பிதா கொடுக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது என்பதையும் கவனியுங்கள். வந்திருந்தால், 2 பேதுரு 1:5-7-ஐ எடுத்து விசுவாசத்தோடு கூட்டிக்கொள்ளச் சொல்லும் ஏழையும் பாருங்கள்: தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. ஏழும் நிறைந்திருக்கிறதா என்பதல்ல சோதனை, வளர்கிறதா என்பதே. இன்று ஒருநாள் உணர்ச்சி எப்படியிருக்கிறது என்று அளக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிடுங்கள்.

விசுவாசம் மெலிந்து கிடப்பவர்களைப் பற்றி டார்ட் மாநாட்டின் தீர்மானமே பேசுகிறது. அவர்கள் தங்களைத் தள்ளப்பட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வசனம், ஜெபம், திருவிருந்து போன்ற, தேவன் ஏற்படுத்திய வழிகளை விடாமல் காத்திருக்க வேண்டும். மங்கியெரிகிற திரியை அவர் அணைக்கமாட்டார் என்கிறது அது. சந்தேகத்தால் திருவிருந்திலிருந்து ஒதுங்கி நிற்பவர் அந்தத் திரிக்கு எண்ணெய் வரும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார்.