காற்றாலைக்கு எத்தனை வோல்ட்? பேட்டரியைக் கேளுங்கள்

செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு மோட்டார்தான் பிழைப்பு. ஆனால் வைகாசியில் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் தோப்புக்காரர்கள் வீட்டுக் காற்றாலைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பேட்டரியோடு காற்றாலையைப் பொருத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பல்லடம்): ஐயா, 24 வோல்ட் என்று சொல்லி ஒரு காற்றாலை வாங்கினேன். பேட்டரியில் இணைக்காமல் மீட்டர் வைத்துப் பார்த்தால் 70 வோல்ட் காட்டுகிறது. இணைத்தால் பேட்டரி வெடித்துவிடாதா?

வெடிக்காது. பாரம் ஏற்றாத வண்டியில் மாடு துள்ளும், மூட்டை ஏறியதும் நடைக்கு வந்துவிடும். உங்கள் காற்றாலையும் அப்படித்தான். காந்தம் வைத்த ஆல்டர்னேட்டரில் சுற்று கூடக் கூட வோல்ட் கூடும். அதைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் 70 காட்டியது. பேட்டரியோடு சேர்ந்ததும் அதே கம்பியில் 25, 26 வோல்ட்தான் இருக்கும். மிச்ச வலு ஆம்பியராக உள்ளே போகும். அப்போது இறக்கையின் வேகமும் தானாகக் குறையும். ‘24 வோல்ட் காற்றாலை’ என்றால் 24 வோல்ட் தரும் காற்றாலை என்று பொருளில்லை. 24 வோல்ட் பேட்டரிக்குத் தோதான சுற்றில் ஓடும் காற்றாலை என்று பொருள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பேட்டரி நிறைந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்குத்தான். கீழே உடுமலைக்காரருக்குச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

கேள்வி (ஆண்டிபட்டி): அண்ணே, பழைய இரும்புக் கடையில் ஒரு ஆல்டர்னேட்டர் கிடைத்தது. பெயர்த்தகடு இல்லை. மூன்று ஒயர் வெளியே வருகிறது. 12-ஆ, 24-ஆ, 48-ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இறக்கை விட்டம் 2 மீட்டர் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

பக்கத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தண்டைச் சக்கில் பிடித்து, நிமிடத்துக்கு 180 சுற்று போலத் தெரிந்த ஒரு வேகத்தில் ஓடவிட்டு, மூன்று ஒயர்களில் எந்த இரண்டுக்கும் இடையே ஏசி வோல்ட் பாருங்கள். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு வர வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் உள்ளே வைண்டிங் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

180 சுற்றில் 18 வோல்ட் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 200 சுற்றில் 20. ரெக்டிஃபையர் (ஏசியைப் பேட்டரிக்கேற்ற டிசியாக்கும் டையோடு அடுக்கு) தாண்டினால் அதை 1.4 ஆல் பெருக்கி, இரண்டு டையோடுகள் தின்னும் 1.4 வோல்ட்டைக் கழியுங்கள்: ஏறத்தாழ 26.6. அடுத்து இறக்கை. 2 மீட்டர் விட்டமுள்ள மூன்று இறக்கைக் காற்றாலையில் இறக்கை நுனி காற்றைவிட ஆறு மடங்கு வேகமாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், நொடிக்கு 3.5 மீட்டர் காற்றில் சரியாக 200 சுற்று வரும். மெல்லிய காற்றிலேயே 24 வோல்ட் பேட்டரிக்குள் மின்சாரம் நுழையத் தொடங்கிவிடும். ஆக, இது 24 வோல்ட் சரக்கு.

இதையே 48 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 360 சுற்றைத் தாண்டித்தான் சார்ஜ் தொடங்கும். அதற்குக் காற்று 6 மீட்டருக்கு மேல் வீச வேண்டும். பாதி நாள் இறக்கை சும்மா சுற்றிக் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். 12 வோல்ட்டில் மாட்டினால் நேர் எதிர்: 100 சுற்றிலேயே தொடங்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சுற்று வரும் காற்றில் எடுக்கும்படியாக வலு எதுவும் கிடையாது. பலமான காற்று வரும்போதோ பேட்டரி இறக்கையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேகம் எடுக்காமல் மந்தமாகச் சுற்றும். காற்று இரு மடங்கானால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகிறது. அந்த எட்டு மடங்கு வரும் நேரத்தில் இறக்கையைக் கட்டிப்போட்டால் என்ன லாபம்?

கேள்வி (கயத்தாறு): வீட்டு இன்வெர்ட்டர் 24 வோல்ட். உறவினர் ஒருவர் 48 வோல்ட் காற்றாலையைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

உள்ளிருந்து ஆறு முனைகளும் வெளியே வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வந்தால் ஸ்டாரில் (மூன்று சுருளின் ஒரு நுனியை ஒரே இடத்தில் முடிந்த கட்டு) இருப்பதை டெல்டாவாக (மூன்றையும் முக்கோணமாகக் கோத்த கட்டு) மாற்றிக் கட்டலாம். வோல்ட் 1.73 ஆல் வகுபடும். 48 என்பது 28 அளவுக்கு இறங்கிவிடும். 24-க்கு அது போதுமான பொருத்தம். டெல்டாவில் சில ஆல்டர்னேட்டர்கள் தமக்குள்ளேயே கொஞ்சம் மின்னோட்டத்தைச் சுழலவிட்டுச் சூடாகும், அதை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஒயர்தான் வருகிறது என்றால் உறவினரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கேள்வி (உடுமலைப்பேட்டை): சோலார் பேனலுக்கு வாங்கிய சார்ஜ் கன்ட்ரோலர் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதையே காற்றாலைக்கு வைத்தால் என்ன?

வைத்தவன் நான், அதனால் சொல்கிறேன். 2012 ஆடி மாதம். தோப்புக் கொட்டகையில் 24 வோல்ட் காற்றாலை, 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி இரண்டு, நடுவில் சோலார் கன்ட்ரோலர். இரவு பதினோரு மணிக்குப் பேட்டரி நிறைந்தது. கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்தது: இணைப்பைத் துண்டித்தது.

பேனலுக்கு அது சரி. துண்டித்தால் பேனல் வெயிலில் சும்மா காயும். காற்றாலை அப்படியா? சுமை போன மறுகணம் இறக்கை மூக்கணாங்கயிறு அறுந்த காளையாகிவிட்டது. அதுவரை உறுமிக்கொண்டிருந்த சத்தம் சீறலாக மாறியது, கோபுரக் குழாய் நடுங்கியது. 50 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் பட்டென்று வெடித்தது. நான் பதறிப்போய்க் கட்டிங் பிளேயரால் மூன்று ஒயரையும் சேர்த்துப் பிடித்தேன். அந்த வேகத்தில் அப்படிச் செய்யவே கூடாது. ஒரு நிமிடத்தில் மேலிருந்து வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. அந்த வாசனையில்தான் எனக்குச் சோறு, ஆனால் அன்றைக்கு வாசனை என் வீட்டுச் சரக்கிலிருந்து வந்தது. காலையில் காந்தத் தட்டைக் கழற்றினால் வைண்டிங் கரிக்கட்டை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, டையோடு பறக்கும்.

காற்றாலைக்கு வேண்டியது துண்டிக்கும் கன்ட்ரோலர் அல்ல, திருப்பிவிடும் கன்ட்ரோலர். பேட்டரி 28.8 வோல்ட்டைத் தொட்டதும் உபரி மின்சாரத்தை ஒரு பெரிய ரெசிஸ்டருக்கு அனுப்பிச் சூடாக்கிவிடும். இதை டம்ப் லோடு என்கிறோம். இறக்கைக்குச் சுமை குறையவே குறையாது. காற்றாலைக்கென்றே செய்த எம்பிபிடி (கிடைக்கும் வலுவில் அதிகபட்சத்தைத் தேடி எடுக்கும்) கன்ட்ரோலர்களும் உண்டு. வாங்கினால் புயல் வேகத்தில் உங்கள் காற்றாலை சும்மா சுற்றும்போது எத்தனை வோல்ட் வருமோ அதைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (கம்பம்): அந்த டம்ப் லோடுக்கு 1500 வாட் கெய்சர் காயில் போதுமா? என் காற்றாலை 500 வாட், 24 வோல்ட்.

போதாது. அந்த 1500 என்பது 230 வோல்ட்டில். அதன் தடை சுமார் 35 ஓம். 28.8 வோல்ட்டில் அது இழுப்பது 23 வாட்தான். உங்களுக்கு வேண்டியது ஒன்றரை ஓம்: 19 ஆம்பியர், 550 வாட். பீங்கான் குழாயில் கம்பி சுற்றிய ரெசிஸ்டர்களை இணையாகக் கட்டி, மரச் சட்டத்திலிருந்தும் ஓலையிலிருந்தும் தள்ளி, தகரத்தின்மேல் பொருத்துங்கள். பல்பு வேண்டாம், இழை அறுந்தால் சுமையும் போய்விடும்.

கேள்வி (மன்னார்): ஐயா, கடற்கரை வாடியில் 12 வோல்ட் 500 வாட் காற்றாலை பூட்டியுள்ளோம். கோபுரத்திலிருந்து பற்றரி வரை 30 மீற்றர், 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர். காற்று நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை.

உங்கள் மின்சாரத்தை ஒயரே சாப்பிடுகிறது. ரெக்டிஃபையர் கோபுரத்தில் இருப்பதாக வைத்துச் சொல்கிறேன்: போக வர 60 மீட்டர், தடை ஏறத்தாழ 0.185 ஓம். 500 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப 42 ஆம்பியர் ஓட வேண்டும். வழியிலேயே 320 வாட்டுக்கு மேல் சூடாகப் போய்விடும். அதே ஒயரில் 48 வோல்ட்டாக அனுப்பினால் 10.4 ஆம்பியர், இழப்பு 20 வாட். போதாக்குறைக்கு, டையோடுகள் தின்னும் 1.4 வோல்ட் 12-இல் பத்தில் ஒரு பங்குக்கு மேல், 48-இல் தூசு. 12 வோல்ட்டை விடவே முடியாதென்றால் பற்றரியைக் கோபுரத்தின் அடிக்கே கொண்டுபோங்கள். உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பூத்திருக்கும், அவற்றையும் சுரண்டிவிட்டு கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி (கோவை): டியூபுலரை எடுத்துவிட்டு 24 வோல்ட் லித்தியம் வைத்திருக்கிறேன். ஏதாவது மாற்ற வேண்டுமா?

எட்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் உச்சம் 29.2 வோல்ட். ஆனால் ஒரு செல் முந்திக்கொண்டு நிறைந்தாலே உள்ளிருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) மொத்தத்தையும் துண்டித்துவிடும். என் 2012 ஆடி இரவு உங்கள் வீட்டில் நடக்கும். டம்ப் லோடை 28 வோல்ட்டுக்கே வேலை செய்யுமாறு இறக்கி வையுங்கள்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): பழைய சீலிங் ஃபேனில் இறக்கை மாட்டி பேட்டரி சார்ஜ் செய்ய முடியுமா?

முடியாது, தம்பி. சாதாரண ஃபேனில் காந்தமே கிடையாது. பிஎல்டிசி ஃபேனில் உண்டு; சின்ன விளக்கு எரியும், செய்து பாருங்கள்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): பழுது பார்க்க நிறுத்தும்போது மூன்று ஒயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். நீங்கள் கூடாது என்கிறீர்களே?

வேகத்தில் கூடாது என்றேன். இறக்கை மெதுவாகச் சுற்றும்போது மூன்றையும் சேர்த்தால் அடங்கிவிடும், அதுவே சரியான பிரேக். ரெக்டிஃபையருக்கு முன்னால், ஏசி பக்கத்தில் ஒரு நல்ல மூன்று முனை சுவிட்ச் போட்டுவிடுங்கள். முதலில் பிரேக், பிறகுதான் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். உங்கள் ஊரில் பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஏணி வைக்கிற வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.