அதிவேகத்தில் பொய்யாகத் தெரியும் நாக்கிங்

வணக்கம். 4000 ஆர்.பி.எம். தாண்டியதும் சுமை குறைவாக இருக்கும்போதுகூட நாக்கிங் (சிலிண்டரில் எரிகலவை தானாகவே வெடித்து எழும் தட்டல்) பதிவாகி, ஸ்பார்க் தாமதமாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அயனி மின்னோட்ட அலைவரைபடத்தில் (ஸ்பார்க் பிளக் இடைவெளியில் எரியும் வாயு வழியே பாயும் சிறு மின்னோட்டம்) அதிர்வு, ஸ்பார்க் அணைந்த கணத்திலேயே தொடங்குகிறது. அது இக்னிஷன் காயிலில் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மிஞ்சிய ஆற்றல் அடங்கும் அதிர்வு என்றே நினைக்கிறேன். வேகம் கூடும்போது அதே ஸ்பார்க் நேரம் கிராங்க் தண்டு சுழலும் கோணத்தில் அதிக பங்கை விழுங்குவதால், அந்த அதிர்வின் வால் நாக்கிங்கைத் தேடும் உங்கள் அளவீட்டு இடைவெளிக்குள் நுழைந்துவிடுகிறது.

அயனி மின்னோட்டத்தில் ஸ்பார்க், சுடர்முகம் இரண்டும் கடந்தபின், சிலிண்டர் அழுத்தம் உச்சத்தை நெருங்கும்போது வெப்பத்தால் ஒரு மேடு எழும். உண்மையான நாக்கிங் அந்த மேட்டின்மீதுதான் பொடி அலைகளாக ஏறி நிற்கும். சந்தேகம் தீர, ஸ்பார்க்கை 5 டிகிரி தாமதப்படுத்திப் பாருங்கள். அலைவு அப்படியே கூடவே நகர்ந்தால் குற்றவாளி காயில்தான். சோதனைக்காக ஸ்பார்க்கை முன்னால் மட்டும் தள்ளிவிடாதீர்கள், நாக்கிங் கூடி பிஸ்டன் போய்விடும்!

பிறகு அளவீட்டு இடைவெளியை ஸ்பார்க் முடிவிலிருந்து கணக்கிட்டுத் திறக்கவும். 86 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்கு நாக்கிங்கின் முதல் அதிர்வெண் சுமார் 6.5 கிலோஹெர்ட்ஸ், வடிகட்டியை அதைச் சுற்றி அமையுங்கள். நாக்கிங் என்று முடிவுசெய்யும் வரம்பு நிலையான எண்ணாக இருக்க வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டரின் நகரும் சராசரியோடு ஒப்பிடுங்கள். நாக்கிங் உறுதியானால் சட்டென்று 2, 3 டிகிரி தாமதம், பிறகு பல சுழற்சிகளில் மெல்ல மெல்லத் திரும்புதல்.