அந்த ஃபில்டரை யாரிடமும் கொடுக்காதீர்கள்

கேள்வி (சுருக்கமாக): திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 2017 மாடல் பெட்ரோல் கார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 240 ரூபாய்க்கு ஆயில் ஃபில்டர் வாங்கி, வழக்கமான மெக்கானிக்கிடம் கொடுத்து ஆயிலோடு மாற்றினேன். ஆறாம் நாள் தாராபுரம் ரோட்டில் ஃபில்டர் வழியாக ஆயில் முழுக்கக் கொட்டி, இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. செலவு 1,42,000 ரூபாய் என்கிறார்கள். தங்கை வளைகாப்புக்குப் போக முடியவில்லை. கடைக்காரர் நாலு பேர் முன்னால் மரியாதை இல்லாமல் பேசினார். இப்போது "ஃபில்டரைக் கொடுங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்" என்கிறார். நானே அதை அறுத்து வீடியோ எடுக்கலாம் என்றும் நினைக்கிறேன். 10 லட்சம் நஷ்ட ஈடு கேட்கலாமா?

பதில்: வளைகாப்புக்குப் போக முடியாமல் போனது வருத்தம்தான், கடைக்காரர் பேசியதும் தப்புதான். ஆனால் இரண்டுமே உங்கள் வழக்குக்கு உதவாது. நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது ஒரே கேள்வி: ஆயில் கொட்டியது ஃபில்டரைச் செய்த விதத்தாலா, மாட்டிய விதத்தாலா?

இதற்குப் பதில் சொல்லக்கூடியது அந்த ஃபில்டர் ஒன்றுதான். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அதன் ரப்பர் வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து, கொஞ்ச நாள் தாங்கி, ஒரு நாள் பிரஷரில் பிதுங்கி ஆயிலை வெளியே விட்டுவிடும். அப்படி நடந்திருந்தால் ஃபில்டரில் குறையே இல்லை, உங்கள் வழக்கு உங்கள் மெக்கானிக் மீதுதான். வளையம் ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் தகரக் கூடு அடித்தட்டோடு சேரும் மடிப்பு விரிந்திருக்கிறது, அல்லது மரை சரியாக வெட்டப்படவில்லை என்றால் அது தயாரிப்புக் குறை. அப்போது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவில் தயாரிப்பாளரைப் பிடிக்கலாம், 240 ரூபாய்க்கு மட்டுமல்ல, இன்ஜினுக்கும் சேர்த்து. குறையுள்ள பொருள் வேறொரு சொத்துக்கு ஏற்படுத்திய சேதத்தையும் அந்தச் சட்டம் 'தீங்கு' என்று சொல்கிறது.

இப்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இன்ஜின் பக்கத்தில் பழைய ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க மட்டும்தான், சுரண்டி எடுக்கக் கூடாது, போட்டோ எடுங்கள். பத்து வருடப் பழக்கம் என்று அவரை விட்டுவிட நினைப்பீர்கள். அவரை விட்டுவிட்டுக் கடை மீதும் கம்பெனி மீதும் மட்டும் போனால், "மாட்டினவன் தப்பு, அவனை ஏன் சேர்க்கவில்லை" என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். மூன்று பேரையும் எதிர்தரப்பாகச் சேர்த்தே ஆக வேண்டும். கடைக்காரரைச் சேர்க்க இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் முதல் பதில், "இது எங்கள் சரக்கு இல்லை, டூப்ளிகேட்". தயாரித்தது யார் என்றே தெரியாமல் போனால் 86-வது பிரிவில் விற்றவரே பொறுப்பு. அதற்கு பில் வேண்டும், பேட்ச் நம்பரோடு அந்த அட்டைப்பெட்டியும் வேண்டும். பில்லை உங்கள் தொழில் பெயரில், ஜிஎஸ்டி நம்பர் போட்டு வாங்கியிருந்தால் இப்போதே சொல்லுங்கள், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்று முதல் தடையையே அங்கேதான் போடுவார்கள்.

அடுத்தது, வழக்குப் போட வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி. கடைக்காரர் நல்லபடியாகப் பேசி ஃபில்டரைக் கேட்பார், நம்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து "குறை எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு பக்கக் கடிதம் வரும், ஃபில்டர் திரும்பி வராது. இப்படிக் கையில் ஒன்றுமில்லாமல் வருகிறவர்களிடம் மெக்கானிக் எழுதிக்கொடுத்த ஒரு சீட்டு மட்டும் இருக்கும், அதை வைத்துத் தயாரிப்புக் குறையை நிரூபிக்க முடியாது. நீங்களே அறுத்து வீடியோ எடுப்பது அதைவிட மோசம். பரிசோதனை தேவைப்படும் பொருள் என்றால் 38-வது பிரிவின்படி ஆணையமே மாதிரியை உங்களிடமிருந்து வாங்கி, சீல் வைத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும். அறுத்த ஃபில்டரைக் கொண்டுபோனால் மடிப்பு கம்பெனியில் விரிந்ததா, உங்கள் ரம்பத்தில் விரிந்ததா என்று எந்த ஆய்வகம் சொல்லும்?

அதனால் ஃபில்டரைக் கழுவாமல், துடைக்காமல், ஒரு கெட்டியான கவரில் போட்டு, பெட்டியோடு துணியில் கட்டி அரக்கு வையுங்கள். மெக்கானிக்கும் இரண்டு சாட்சிகளும் தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். ஆயில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மிச்சமிருக்கும் ஆயிலையும் சுத்தமான பாட்டிலில் பிடித்து அதேபோல் சீல் வையுங்கள். அப்புறம் மூன்று பேருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ்: இந்தத் தேதியில், இந்த இடத்தில், இன்ஜினைப் பிரிக்கப்போகிறோம், வந்து பார்க்கலாம். வராவிட்டாலும் கூப்பிட்டதற்கு ஆதாரம் இருக்கும். இன்ஜின் விஷயத்தில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். வண்டி இல்லாமல் கஷ்டம் என்று அதற்குள் வேலையை முடித்து, பழைய பேரிங்கையும் கிராங்க்கையும் காயலான் கடைக்கு எடை போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு 1,42,000 என்பது வெறும் பில்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயம். கடைக்காரருக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப்பை இணைத்திருக்கிறீர்கள். அதில் உங்கள் கையாலேயே, "ஆயில் லைட் எரிஞ்சுச்சு, வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர்தானேனு மெதுவா ஓட்டினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயில் கொட்டியது யாருடைய தப்பாக இருந்தாலும், சிவப்பு லைட் எரிந்ததும் இன்ஜினை அணைத்திருந்தால் ஆயில் செலவோடும் ஃபில்டர் செலவோடும் முடிந்திருக்கலாம், இன்ஜினைக் கெடுத்தது அந்த ஏழு கிலோமீட்டர்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் வாதாடுவார், அதில் நியாயமும் இருக்கிறது. ஃபில்டர் குறை முழுதாக நிரூபணமானாலும் தொகை குறையும். அந்த மெசேஜை அழிக்க நினைக்காதீர்கள், அது கடைக்காரர் போனிலும் இருக்கிறது. இனி யாருக்கும் எதையும் எழுதாமல் இருந்தால் போதும்.

ஆகவே 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். நோட்டீஸில் அந்தத் தொகையைப் பார்த்த உடனேயே கம்பெனி பேச்சுவார்த்தைக் கதவைச் சாத்திவிடும். பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் வருடங்கள் ஆகும். மேல்முறையீடும் இருக்கிறது. உங்களுக்குத் தாக்கல் கட்டணம் கிடையாது, ஆனால் ஆய்வகக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். என் யோசனை: கடை, கம்பெனி, மெக்கானிக் மூவரும் சேர்ந்து இன்ஜின் செலவில் பாதிக்குப் பக்கத்தில் வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். அதில் மெக்கானிக் தன் பங்காகக் கூலி வாங்காமல் வேலையைச் செய்து கொடுத்தாலும் சரி, அதுவும் பணம்தான். 20,000, 30,000 என்றால் வேண்டாம், வழக்கே போடலாம். பணம் கணக்கில் ஏறும் முன் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், 5,000 ரூபாய் அட்வான்ஸுக்கு அதில் கையெழுத்துப் போட்டு மொத்த உரிமையையும் இழந்தவர்கள் உண்டு.

பேச்சுவார்த்தைக்கு இரண்டு மாதம் கொடுங்கள். புகார் செய்ய 2 வருடம்தான் கெடு, பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. இரண்டு மாதத்தில் பேசி முடியாவிட்டால், நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்திலேயே திருப்பூர் மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் போட உரிமை உண்டு.