எஸ்எஸ்எச் லாகின் பத்து விநாடி இழுப்பது எக்ஸ்இசட் பின்கதவாலா?

எக்ஸ்இசட் என்பது ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்; அதன் சில பதிப்புகளில், எஸ்எஸ்எச் (சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாகத் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. உங்கள் லாகின் தாமதத்துக்கு அதுதான் காரணமோ என்று கேட்கிறீர்கள். உங்கள் டெபியன் சர்வரில் எக்ஸ்இசட் பதிப்பாகத் தெரியும் "5.6.1+ரியலி5.4.5" பின்கதவு உள்ள பதிப்பு இல்லை. எண் குறைந்தால் ஆப்ட் (டெபியனில் மென்பொருள் ஏற்றும் கருவி) அதை அப்டேட்டாக எடுத்துக்கொள்ளாது என்பதால், பழைய 5.4.5-க்கே டெபியன்காரர்கள் அப்படியொரு விநோதப் பெயர் வைத்து ஏற்றினார்கள். விஷம் 5.6.0, 5.6.1 இரண்டில்தான்.

பத்து விநாடிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. 2024 மார்ச்சில் இந்தப் பின்கதவைக் கண்டுபிடித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கவனித்தது வெறும் அரை விநாடித் தாமதம் (அதைப் போய் ஒரு மனிதர் துருவியிருக்கிறார்!). உங்களுக்குப் பெரும்பாலும் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் தேடல்) அல்லது ஜிஎஸ்எஸ்ஏபிஐ (ஒருவகை அடையாளச் சரிபார்ப்பு) தான் காரணம். எஸ்எஸ்எச் கட்டளையோடு மைனஸ் வி சேர்த்து ஓட்டி, எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், அந்த மெஷின் அப்போது டெஸ்டிங்கில் (டெபியனின் சோதனைக் கிளையில்) ஓடியது என்கிறீர்கள். அப்படியானால் இதற்கு முன் கெட்ட பதிப்பு ஏறியிருக்கலாம். மென்பொருள் ஏறியதையெல்லாம் பதிந்து வைக்கும் டிபிகேஜி லாக்கில், சுருக்கி வைத்த பழைய ஃபைல்கள் உட்பட, லிப்எல்இசட்எம்ஏ5 (பின்கதவு இருந்த எக்ஸ்இசட் நூலகம்) என்று தேடுங்கள். 5.6.0 அல்லது வெறும் 5.6.1 வந்துபோயிருந்து, எஸ்எஸ்எச் போர்ட்டும் இணையத்துக்குத் திறந்தே கிடந்திருந்தால் அப்டேட்டோடு விடாதீர்கள், புதிதாக நிறுவி சாவிகளையும் மாற்றிவிடுங்கள். அந்த வழியாக யாராவது நுழைந்திருந்தால் எஸ்எஸ்எச் லாக்கில் தெரியும் என்று நம்ப முடியாது.