"சாமி இல்லைன்னா எடுத்தா என்ன?" என்று கேட்கும் 7 வயது மகன்

நீங்கள் நாத்திகர், சாமி இல்லையென்றால் அடுத்தவர் பொருளை எடுத்தால் என்ன என்று மகன் கேட்கிறானா? கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்துக்கே போகாதீர்கள். "உன் ஃப்ரெண்டோட பென்சிலை நீ எடுத்துட்டா, அதைக் காணோம்னு அவன் தேடும்போது அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். மிரட்டுவதைவிட, அடுத்தவருக்கு நேர்ந்ததைக் காட்டும் இந்த வழியைத்தான் உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் வலியுறுத்தினார்.

இதுவரை "சாமி கண்ணைக் குத்தும்" என்பது மட்டுமே காரணமாகச் சொல்லப்பட்டிருக்கலாம். பயம் போனதும் காரணமும் போய்விட்டது. (பக்தியுள்ள வீடுகளிலும் இந்தக் கேள்வி வரும், உங்கள் நாத்திகத்தைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.)

ஒன்று செய்து பாருங்கள். விளையாட்டில் யாராவது அவனை ஏமாற்றினால் ஏன் கோபம் வருகிறது என்று கேளுங்கள். "அது நியாயமில்லை" என்றால், சாமி பயம் தேவைப்படாத காரணம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் பிரசங்கம்தான். அப்புறம், நிஜமாகவே எதையாவது எடுத்திருந்தால் பேச்சு பிறகு. முதலில் அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்க வையுங்கள், நான்கு பேர் முன்னால் வேண்டாம்.